நாவலை மாணவர் குழுக்களிடம் விட்டால் உருப்படியாக ஏதாவது நடக்குமா?

கேள்வி, ஜூன் 3

நாவல் பாடத்துக்கு வாசிப்புக் குழு வைத்துப் பார்த்தேன். ஐந்து பேர் குழுவில் ஒருத்தி படித்துவிட்டு வருகிறாள். மற்ற நான்கு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மீதி நேரம் அரட்டை. நானே நின்று நடத்தியிருந்தால் இதே நாவலைப் பாதி நாளில் முடித்திருப்பேன். இதனால் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? யாராவது நேராகச் சொல்லுங்கள், கொள்கை விளக்கம் வேண்டாம்.

ஜூன் 3, இரவு

நேராகவே சொல்கிறேன். நீங்கள் நின்று நடத்தினாலும் படித்துவிட்டு வருவது அந்த ஒருத்திதான். நீங்கள் கேட்பீர்கள், அவள் சொல்வாள், நீங்கள் "சரி" என்பீர்கள், பாடம் நகரும். மற்றவர்கள் படிக்கவில்லை என்பது தேர்வு வரை யாருக்கும் தெரியாது. குழுவில் அது முதல் நாளே பல்லை இளிக்கிறது. அதனால் குழு வைத்ததும் நிலைமை கெட்டுவிட்டது போலத் தோன்றும்.

ஒரே ஒரு ஆய்வு சொல்லிவிட்டு விடுகிறேன். மார்ட்டின் நிஸ்ட்ராண்ட் என்பவர் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்பறைகளைக் கவனித்து 1997இல் எழுதினார். மாணவர்கள் தங்களுக்குள் தடையில்லாமல் விவாதித்த நேரம் எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளைக்குச் சராசரியாக 50 விநாடி. ஒன்பதாம் வகுப்பில் 15 விநாடிகூட இல்லை. அதெல்லாம் இலக்கிய வகுப்புகள். கணக்கு வகுப்பு என்றாலாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 4

உங்கள் குழுவில் "பொறுப்புத் தாள்" கொடுத்தீர்களா? கேள்வி கேட்பவர், சுருக்கம் சொல்பவர், அருஞ்சொல் தேடுபவர், படம் வரைபவர், நல்ல வரிகளைப் பொறுக்குபவர் என்று ஆளுக்கொரு தாள். கொடுத்திருந்தால் நடந்தது இதுதான் என்று இங்கிருந்தே சொல்ல முடியும்: ஒவ்வொருவரும் தன் தாளை வாசித்தார்கள், வாசித்து முடித்ததும் அடுத்தவரைப் பார்த்தார்கள், வட்டம் முடிந்தது, "சார், முடிச்சிட்டோம்." பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மீதி நேரத்துக்குத்தான் அரட்டை.

நானும் அந்தத் தாள்களை வெகுகாலம் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான். படம் வரையும் பொறுப்புக்கு என் வகுப்பில் அடிதடியே நடக்கும். ஓவிய ஆர்வம் ஒன்றும் இல்லை. அட்டைப் படத்தைப் பார்த்து வரைந்துவிடலாம், உள்ளே போக வேண்டியதில்லை. அருஞ்சொல்காரன் தனக்கு ஏற்கெனவே அர்த்தம் தெரிந்த சொற்களாகப் பார்த்து எடுத்து வருவான். புத்திசாலிப் பையன்கள்.

இந்த முறையைப் பரப்பிய ஹார்வி டேனியல்ஸின் நூல் 1994இல் வந்தது. தாள்கள் சடங்காக மாறுவதை அவரே பார்த்துவிட்டு, 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். தாள் என்பது பழக்கிவிடும் வரைக்கும்தான், அப்புறம் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் நிலை. தாள் மட்டும் நகலெடுக்கப்பட்டுப் பள்ளி பள்ளியாகப் போனது. எச்சரிக்கை போகவில்லை.

ஜூன் 4, கொஞ்சம் கழித்து

குழுவுக்கு எத்தனை பேர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு. மூன்று என்றால் ஒருவன் வராத நாளில் இரண்டு பேர் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து ஓடும். ஆறு பேர் என்றால் அது தானாகவே இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஜூன் 6

புத்தகத் தேர்வு பற்றி எழுதாமல் குழு பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆறு ஏழு நாவல் எடுத்து வைத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசுவேன். கதைச் சுருக்கம் சொல்வதில்லை. நடுவிலிருந்து ஒரு பக்கத்தை வாசிப்பேன், சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்திவிடுவேன். பிறகு புத்தகங்கள் மேசைக்கு மேசை சுற்றும். ஒவ்வொருவரும் சீட்டில் முதல் மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தி என்னிடம் தர வேண்டும். குழுவை அமைப்பது நான். முதல் விருப்பம் எல்லோருக்கும் கிடைக்காது, மூன்றில் ஒன்று கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். தூக்கச் சொன்னால் நண்பன் தூக்குவதற்குத் தூக்குவான். சீட்டில் எழுதினால் கொஞ்சம் உண்மை வரும்.

மெல்லிசான புத்தகத்துக்குத்தான் கூட்டம் அலைமோதும் என்பது தெரிந்ததுதானே. அதனால் மெல்லிசானதில் கடினமான ஒன்றையும் தடிமனானதில் ஓடிப்போகிற ஒன்றையும் கலந்து வைப்பேன். நூறு பக்கமே உள்ள நாவலை ஆசையாக எடுத்துக்கொண்டு போய் நான்காவது பக்கத்தில் முழி பிதுங்கி நின்ற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு வாசிப்புப் பாடம்தான்.

வேகமாகப் படிப்பவர்களை ஒரு குழு, திணறுபவர்களை ஒரு குழு என்று பிரிப்பதை மட்டும் செய்யாதீர்கள். எந்தக் குழு எது என்பது பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். திணறுபவர்களுக்கு ஒலிநூல் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் அத்தியாயத்தை நீங்களே உரக்க வாசித்துவிடுங்கள். பெயர்கள், இடம், யார் யாருக்கு என்ன உறவு என்ற முடிச்சு அவிழ்ந்துவிட்டால் அப்புறம் அவர்களே போய்விடுவார்கள்.

ஜூன் 7

"படிக்காமல் வருகிறவனை என்ன செய்வது?" இதுதான் எல்லோருக்கும் உள்ள தலைவலி.

அவன் குழுவில் உட்காரக் கூடாது. ஓரத்தில் உட்கார்ந்து அன்றைக்கு உரிய பக்கங்களைப் படிக்க வேண்டும், முடித்ததும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். திட்டு கிடையாது, வெளியே நிற்க வைப்பது கிடையாது. நான்கு பேர் தலையை நெருக்கி வைத்துக்கொண்டு எதற்கோ சிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பது போதுமான தண்டனை. சிலருக்கு அதுவும் உறைக்காது. அவர்களாவது வகுப்பில் இருபது பக்கம் படித்துவிடுகிறார்கள், லாபம்தான்.

எந்த நாளைக்கு எத்தனை பக்கம் என்பதைக் குழுவே தீர்மானிக்க வேண்டும். நாள்காட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். முதல் தடவை கண்டிப்பாகச் சொதப்புவார்கள். தினம் பத்துப் பத்துப் பக்கமாகச் சுகமாகப் போய், கடைசி இரவுக்கு எண்பது பக்கத்தை விட்டுவைத்த குழு ஒன்று இருந்தது. மறுநாள் நால்வரின் கண்ணும் கோவைப்பழம். அடுத்த நாவலுக்கு அவர்கள் போட்ட அட்டவணையைப் பார்க்க வேண்டுமே, ரயில்வேக்காரர்கள் தோற்றார்கள்.

ஜூன் 7, இரவு

இணையத்தில் சுருக்கம் கிடைக்கிறது, இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் அத்தியாயவாரியாகக் கொட்டுகிறது, இதில் குழு எதற்கு என்று ஒரு குரல் வந்திருக்கிறது.

சுருக்கத்தில் கிடைக்காததைக் கேளுங்கள். "எந்த இடத்தில் நிறுத்தி இரண்டு பக்கம் பின்னால் போய் மறுபடி படித்தாய்?" "எந்தப் பாத்திரம் பேசும்போது எரிச்சல் வந்தது?" "எந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்தாய்?" கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்கிறவன் நிச்சயம் படித்திருக்கிறான். படிக்காதவன்தான் ஒரு பத்தியைக்கூடத் தாண்டவில்லை என்று அடித்துச் சொல்வான்.

ஜூன் 9

கொள்கை வேண்டாம் என்றார் கேட்டவர். சரி, ஒரு காட்சி.

அந்தக் குழு எடுத்திருந்த நாவலில் ஒரு சிறுவன் கதை சொல்கிறான். வீட்டை விட்டுப் போன அக்காவிடமிருந்து ஏழாம் அத்தியாயத்தில் கடிதம் வருகிறது. "அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அவன் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறான். குழுவில் அம்மா செய்தது சரியா தப்பா என்று பேச்சு. வழக்கமான பேச்சுதான். ஒருவன் அம்மா பக்கம், இரண்டு பேர் அக்கா பக்கம். நான்காவது பெண் பேசவே இல்லை, பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுப்பா."

"யார் சொன்னா?"

"இங்க பாரு. மருந்து பாட்டில எடுத்துட்டு வந்து இவன்கிட்ட எது காலையிலன்னு கேக்குறாங்க."

"கண்ணு தெரியலையோ என்னமோ."

"அதே பக்கத்துல ஊசியில நூல் கோக்குறாங்களே."

நால்வரும் ஒரே புத்தகத்தின் மேல் கவிழ்ந்தார்கள். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு அம்மா பக்கம் பேசிய பையன்தான் சொன்னான், "அப்போ இவன் பொய் சொல்றான்டா. கடிதத்தைக் கொளுத்தினது இவன்தான்."

அதோடு அம்மா சரியா தப்பா என்ற பேச்சு காணாமல் போயிற்று. முதல் அத்தியாயத்திலிருந்து அவன் வேறு எங்கெல்லாம் பொய் சொல்லியிருக்கிறான் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது லேசான வேலை இல்லை. மறுநாள் வகுப்பின் தொடக்கத்தில், நம்பத்தகாத கதைசொல்லி என்று ஒரு உத்தி உண்டு என்று பத்து நிமிடம் சொன்னேன். முதல் நாளே பலகையில் எழுதிப்போட்டு விளக்கியிருந்தால் எல்லோரும் எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதிக்கொள்வதோடு நின்றிருக்கும்.

ஜூன் 10

அந்தக் காட்சியைப் படித்துவிட்டு "பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரியான பதிலா, அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லலாமா?" என்று கேட்டவருக்கு:

கூடாது. இலக்கிய வாசிப்பு பற்றி எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938லேயே இதை யோசித்துவிட்டார். அர்த்தம் வாசகருக்கும் பிரதிக்கும், அதாவது அவர் படிக்கும் எழுத்துக்கும், நடுவே உண்டாகிறது என்றவர் அவர். கூடவே, பிரதியில் இருப்பதோடு முரண்படுகிற வாசிப்பையும், பிரதியில் ஆதாரமே இல்லாத வாசிப்பையும் ஏற்க முடியாது என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டவர்கள்தான் அதிகம்.

குழுவைச் சுற்றி நடக்கும்போது நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: வாக்குவாதத்தின் நடுவில் புத்தகம் திறக்கிறதா? "எந்தப் பக்கம்?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கிறார்களா? சத்தம் பலமாக இருந்து புத்தகங்கள் மூடியே கிடந்தால் அது நாவலைப் பற்றிய பேச்சு இல்லை. அமைதியாகப் புரட்டிக்கொண்டிருக்கும் குழு பார்க்க உற்சாகம் இல்லாதது போலத் தெரியும். கவலைப்படாதீர்கள்.

ஜூன் 11

கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் பதிந்துவிடுகிறேன். வகுப்பறை விவாத முறைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து மர்ஃபியும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரை, பல முறைகளில் மாணவர் பேச்சு கூடியது, ஆசிரியர் பேச்சு குறைந்தது, ஆனால் படித்ததைப் புரிந்துகொள்ளும் திறன் அதே அளவுக்குக் கூடவில்லை என்கிறது. பேச்சு கூடினால் புரிதலும் கூடவே வந்துவிடும் என்று நினைத்துப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துவிட்டுப் போய்விட முடியாது.

வாசிப்பில் உண்மையாகவே திணறும் பிள்ளைகளுக்குக் கட்டமைப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். பாலின்சாரும் பிரவுனும் 1984இல் எழுதிய முறையில் நான்கே வேலை: அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுகிறார், பிறகு மாணவர்கள் முறை வைத்து அந்த இடத்துக்கு வருகிறார்கள். இதுவும் பொறுப்புத் தாள் மாதிரிதானே என்று கேட்கலாம். மேலே தாளைக் கிண்டல் செய்ததை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், இங்கே நான்கு வேலையும் எல்லோருக்கும் வருகிறது. படம் வரைந்துவிட்டுத் தப்பிக்க வழி இல்லை.

ஜூன் 13

கேள்விகளை யார் தயாரிப்பது? பிள்ளைகள்தான். ஆனால் "கேள்வி கொண்டு வா" என்று சொன்னால் தேர்வுக் கேள்விதான் வரும். "கதாநாயகனின் தந்தை பெயர் என்ன?" அதைத்தானே இத்தனை வருடம் நாம் அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஏய்டன் சேம்பர்ஸ் சொன்ன நான்கு பத்தி முறை இதற்கு நன்றாக உதவுகிறது. ஒரு தாளை நான்காகப் பிரியுங்கள். பிடித்தது, பிடிக்காதது, புதிராக இருந்தது, திரும்பத் திரும்ப வருவது. எல்லோரும் சொல்ல, ஒருவர் சுருக்கமாக எழுத வேண்டும். எழுதும்போது விவாதம் கிடையாது. எழுதி முடித்த பிறகு கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ஒருத்திக்குப் பிடித்த இடமே இன்னொருவனுக்குப் புதிராக இருக்கும். அந்தக் கோட்டில் பேச்சைத் தொடங்கினால் போதும். "திரும்பத் திரும்ப வருவது" பத்தி முதலில் காலியாகவே கிடக்கும். நாவலின் பாதியில் நிரம்பத் தொடங்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஜூன் 13, பின்குறிப்பு

ஆசிரியர் எங்கே இருப்பது? நாற்காலி போட்டுக் குழுவில் உட்கார்ந்தால் நான்கு முகமும் உங்கள் பக்கம் திரும்பிவிடும், முடிந்தது கதை. நான் முதுகுப்புறமாக நின்று சின்ன நோட்டில் அவர்கள் சொல்லும் வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொள்வேன். கடைசிப் பத்து நிமிடத்தில் அதை வாசித்துக் காட்டினால் மற்ற குழுக்களும் காது கொடுக்கும். தங்கள் வாக்கியம் வகுப்பில் வாசிக்கப்படுவது பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிசு.

வாயைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 1970களில் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் அளந்து பார்த்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளமாயின, பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்க அற்பம். வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாக இருக்கும்.

ஜூன் 16

விஷயம் எங்கோ போகிறது, பரவாயில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் குழுவிலும் ஒரு வேகக்காரன் இருப்பான். மூன்றாம் நாளே நாவலை முடித்துவிட்டு, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சி செய்வான். "சொல்லட்டுமா, சொல்லட்டுமா?" ஒருவன் வீட்டுப்பாடம் எழுதித் தந்தால் முடிவைச் சொல்லாமல் இருக்கிறேன் என்று பேரம் பேசியதாகப் புகார் வந்தது. சொல்வதற்குத்தான் லஞ்சம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வேகக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து படித்து, முடிவுக்கான தடயங்களை நாவலாசிரியர் எங்கெங்கே விட்டுவைத்திருக்கிறார் என்று பக்க எண்ணோடு குறித்து வர வேண்டும். மற்றவர்கள் முடித்த அன்று அதை அவிழ்த்துவிடலாம். அதற்குப் பிறகு அவன் வேகமாகப் படிப்பதைக் குறைத்தான் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் தடவை படிப்பதற்குக் காரணம் கிடைத்தது.

ஜூன் 17

பேசாத பிள்ளைகள். பேச்சுக்கு மதிப்பெண் போட்டால் வாயாடிகள் அள்ளிக்கொண்டு போவார்கள், கூச்சம் உள்ளவர்கள் இன்னும் சுருங்குவார்கள். வாரத்தில் ஒரு நாள் எழுத்தில் விவாதம் வையுங்கள். ஆளுக்கொரு தாளில் இரண்டு நிமிடம் எழுதி வலப்பக்கம் தள்ள வேண்டும். வந்த தாளில் இருப்பதற்குப் பதில் எழுதி மறுபடி தள்ள வேண்டும். தாள் சுற்றி வந்து சேரும்போது ஒவ்வொருவர் கையிலும் நால்வர் பேசிய ஒரு உரையாடல் இருக்கும். பேசவே பேசாத ஒரு பெண்ணின் தாளைத்தான் மற்ற மூவரும் பிடுங்கிப் பிடுங்கிப் படித்தார்கள். மறுநாள் "நேத்து நீ எழுதினியே, அத சொல்லு" என்று அவர்களே கேட்டார்கள். அவள் ஒரு வரி சொன்னாள். போதும்.

மதிப்பெண் போட்டே தீர வேண்டும் என்றால் நாவல் முடிந்ததும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: எந்த விஷயத்தில் உன் எண்ணம் மாறியது, குழுவில் யார் சொன்னதால், எந்தப் பக்கத்தைக் காட்டியதால்? மாறவே இல்லை என்றால், யார் என்ன சொல்லியும் ஏன் மாறவில்லை? இதை எந்தச் சுருக்கத்திலிருந்தும் எடுத்து எழுத முடியாது.

ஜூன் 19

பாடத்திட்டத்தில் ஒரே நாவல்தான், ஆறு ஏழு எடுத்துவைக்க வழி இல்லை என்பவர்களுக்கு: ஒரே நாவலை எல்லாக் குழுவும் படிக்கட்டும். தேர்வு செய்யும் சுகம் போய்விடும், அது நஷ்டம்தான். பதிலுக்கு ஒன்று கிடைக்கும். நாவல் முடிந்ததும் குழுக்களைக் கலைத்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வருகிற மாதிரிப் புதுக் குழு அமையுங்கள். "எங்க குழுவுல அவன் நல்லவன்னுதான் பேசிக்கிட்டோம்" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், மற்ற மூவரும் அவள்மேல் பாய்வார்கள்.

ஜூன் 22

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, சரி, மறுபடி முயன்று பார்க்கிறேன், எங்கிருந்து தொடங்குவது என்கிறார்.

நாவலில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் ஒரு சிறுகதை, வகுப்பிலேயே படித்து வகுப்பிலேயே பேசுவது. அப்போது படிக்காதவன் என்று யாரும் இருக்க முடியாது. இரண்டு இரண்டு பேராகப் பேசட்டும், பிறகு இரண்டு ஜோடியைச் சேர்த்து நான்காக்குங்கள். ஒரு குழுவை நடுவில் உட்கார வைத்து மற்றவர்களைச் சுற்றி நிற்கச் சொல்லி, எத்தனை தடவை புத்தகத்தைத் திறந்தார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிற பிள்ளைகள் கறாராக இருப்பார்கள், நீங்கள் சொல்ல வேண்டியதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்தச் சத்தம் பழகிய பிறகு நாவலை எடுங்கள். உங்கள் குழுவில் படித்துவிட்டு வந்தாளே அந்த ஒருத்தி, அவளைச் சுருக்கம் சொல்ல மட்டும் விடாதீர்கள். கேள்விகள் அவளிடமிருந்து வரட்டும்.